சொன்ன சொல்லைக் காத்த ஆசிரியர்

ஆசிரியர்களும் பெற்றோரும் பிள்ளைகளுக்கு அறிவுரை கூறுவது உலக வழக்கம். முயற்சியைக் கைவிடாதே, உயர்ந்த குறிக்கோளை நாடு, தோல்வி கண்டு துவளாதே என்று நாம் எத்தனை முறை சொல்லியிருப்போம்! பிள்ளைகளும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால் அவர்கள் மனத்தில் ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. "இதெல்லாம் ஊருக்குத்தான் உபதேசமா?" என்பதே அது. மரியாதை கருதி வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்க நாட்டின் டெக்ஸாஸ் மாநிலத்தில், பிக் லேக் என்னும் சிற்றூரின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 1999-ஆம் ஆண்டு இக்கேள்வியைத் தங்கள் ஆசிரியரிடம் கேட்டே விட்டார்கள். கேட்கப்பட்டவர் ஜிம் மோரிஸ். அறிவியல் ஆசிரியர், பள்ளி பேஸ்பால் அணியின் பயிற்றுநர், வயது முப்பத்தைந்து, மூன்று குழந்தைகளுக்குத் தந்தை. அவர் அளித்த விடை அவரைப் பத்திரிகைகளிலும் பின்னர்த் திரைப்படத்திலும் இடம்பெறச் செய்தது. அந்தப் புகழைவிட, அவ்விடையை அவர் எப்படி அளித்தார் என்பதே நம் சிந்தனைக்கு உரியது.

முதலில் இவ்விளையாட்டைப் பற்றிச் சிறிது கூறிவிடுவோம். பேஸ்பால் நமது கிரிக்கெட்டுக்கு ஒருவகையில் தாயாதி எனலாம். இங்கும் ஒருவர் பந்தை எறிகிறார், மற்றவர் மட்டையால் அடிக்கிறார். ஆனால் பந்து தரையில் பட்டு எழும்புவதில்லை; நேரே மட்டையாளரை நோக்கிப் பாய்கிறது. எறிபவர் நிற்கும் மேட்டுக்கும் மட்டையாளரின் தளத்துக்கும் இடையே அறுபதடி ஆறு அங்குலம். மணிக்கு 98 மைல், அதாவது ஏறத்தாழ 158 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்படும் பந்து, கண்ணிமைக்கும் நேரத்தில், ஒரு விநாடியில் பாதிகூட ஆகுமுன், வந்து சேர்ந்துவிடும். மூன்று முறை தவறவிட்டால் மட்டையாளர் வெளியேற வேண்டும். மாறாக, எறிபவர் நான்கு பந்துகளை எல்லைக்கு வெளியே எறிந்துவிட்டால், மட்டையாளர் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து செல்லலாம். இந்த இரண்டு விதிகளையும் வாசகர் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

பந்தெறிவோரின் வாழ்வு ஏணி ஏறுவது போன்றது. மேலே முப்பது அணிகள் கொண்ட மேஜர் லீக். அதன் கீழே மைனர் லீக் எனப்படும் பல படிகள்: ஒற்றை ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ. பதினெட்டு, பத்தொன்பது வயது இளைஞர்கள் கீழ்ப்படியில் கால் வைக்கிறார்கள். பேருந்தில் ஊர் ஊராகச் சுற்றி, கிடைத்த ஊதியத்தில் வயிற்றைக் கழுவிக்கொண்டு, மேலிருந்து அழைப்பு வருமா என்று காத்திருப்பார்கள். பெரும்பாலோருக்கு அழைப்பு வருவதேயில்லை. 2023-ஆம் ஆண்டுதான் இவர்களுக்கென முதன்முதலாக ஒரு கூட்டு ஊதிய ஒப்பந்தம் ஏற்பட்டது. அதற்கு முன் மூன்று ஏ படியிலேயே ஆண்டுக்கு 17,500 டாலர்தான் குறைந்தபட்ச ஊதியம். ஒப்பந்தத்தால் அது 35,800 டாலர் ஆயிற்று. கோடீசுவர விளையாட்டு என்று நாம் கேள்விப்படும் அதே விளையாட்டின் அடித்தளம் இது!

ஜிம் மோரிஸ் 1964-ஆம் ஆண்டு டெக்ஸாஸில் பிரௌன்வுட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை கடற்படைப் பணியில் இருந்தமையால் குடும்பம் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. பிறகு பிரௌன்வுட்டிலேயே உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அப்பள்ளியோ அமெரிக்கக் கால்பந்தாட்டத்துக்குப் பேர்போனது. கார்டன் வுட் என்னும் புகழ்பெற்ற பயிற்றுநரின் காலத்தில் ஏழு முறை மாநிலப் பட்டம் வென்ற பள்ளி. அங்கே பேஸ்பால் அணியே கிடையாது. பந்தெறிவதே தன் பிறவிப் பயன் என்று எண்ணிய சிறுவன், பந்தெறிய இடமின்றிக் கால்பந்தை உதைத்துக்கொண்டிருந்தான்.

ஆயினும் திறமை மறைந்து கிடக்கவில்லை. 1983-ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்த வீரர் தெரிவில் மில்வாக்கி புரூவர்ஸ் அணி அவரை நான்காவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. இடக்கையால் வேகமாக எறியும் இளைஞனுக்கு எப்போதும் மதிப்புண்டு. ஆனால் கை ஒத்துழைக்கவில்லை. காயம், அறுவை, ஓய்வு, மீண்டும் காயம். ஒற்றை ஏ என்னும் படிக்கு மேல் அவரால் ஏற இயலவில்லை. 1987-ல் புரூவர்ஸ் அவரை விடுவித்தது. 1989-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அமைப்பில் மற்றொரு முயற்சி, அதுவும் கைகூடவில்லை. இருபத்தைந்து வயதில், அவரே இனிப் போதும் என்று முடிவு செய்தார்.

ஆங்கிருந்து வாழ்க்கை எல்லாருடைய வாழ்க்கையும் போல நடந்தது. ஆஞ்சலோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கும் கால்பந்தை உதைத்தார். திருமணமும் குழந்தைகளும் பொறுப்புகளும் வந்தன. ஆசிரியர் வேலை கிடைத்தது. பல ஆண்டுகளுக்குப் பின் பிக் லேக்கில் உள்ள ரீகன் மாவட்ட உயர்நிலைப் பள்ளியில் பௌதிக அறிவியல் கற்பிக்கவும், பேஸ்பால் பயிற்றுவிக்கவும் வந்து சேர்ந்தார்.

பிக் லேக் என்றால் பெரிய ஏரி என்று பொருள். பெயரில்தான் ஏரி, பார்த்தால் பெரும்பாலும் வறண்ட பள்ளம்! மேற்கு டெக்ஸாஸின் அந்த வெயில் காய்ந்த பூமியில் எண்ணெய்க் கிணறுகள் இல்லையென்றால் ஊரே இருந்திருக்காது. அந்த எண்ணெய் வந்த கதையில் நம் கத்தோலிக்க வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு பெயர் இருக்கிறது. ஆகவே சற்றே வழி விலகி அதைச் சொல்லிச் செல்ல அனுமதி வேண்டுகிறோம்.

இப்பகுதி நிலங்கள் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்கு உரியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாநில அரசு அதற்கு ஒதுக்கியபோது, ஆடுமாடு மேய்க்கத்தான் உதவும் என்று கருதப்பட்ட நிலம். 1919-க்குப் பின் சிலர் அங்கே எண்ணெய் தேட உரிமம் பெற்றனர். எல் பாசோ நகரத்தைச் சேர்ந்த பிராங்க் பிக்ரெல், ஹேமன் குருப் ஆகிய இருவர் அவ்வுரிமத்தை வாங்கிப் பணம் திரட்டலாயினர். நியூயார்க்கில் கத்தோலிக்கப் பெண்கள் சிலரும் பங்குகள் வாங்கினர். வாங்கிய பின் அவர்களுக்கு அச்சம் பிறந்தது. பாலையில் போட்ட பணம் திரும்புமா? தங்கள் குருவானவரிடம் ஆலோசனை கேட்டார்கள். இயலாத காரியங்களின் பாதுகாவலியான புனித ரீத்தம்மாளை மன்றாடுங்கள் என்று அவர் கூறினார்.

இத்தாலியில் காசியா நகரை அடுத்த சிற்றூரில் 1381-ல் பிறந்து, மனைவியாக, தாயாக, கைம்பெண்ணாக, இறுதியில் அகுஸ்தீன் சபைக் கன்னியாக வாழ்ந்து 1457-ஆம் ஆண்டு மே 22-ல் உயிர்நீத்த புனிதை அவர். மரணப் படுக்கையில் கடுங்குளிர் காலத்தில் தம் பழைய வீட்டுத் தோட்டத்து ரோஜாவைக் கேட்டதாகவும், பனியிலும் அது பூத்திருந்ததாகவும் மரபு. இன்றும் அவர் திருநாளில் ரோஜா மலர்களை மந்திரித்துக் கொடுக்கும் வழக்கம் அதனால்தான். நியூயார்க் பெண்களும் அப்படி மந்திரிக்கப்பட்ட ஒரு ரோஜாவை உறையிலிட்டு பிக்ரெலிடம் கொடுத்தார்கள். கிணறு தோண்டும் கோபுரத்தின் உச்சியில் ஏறி அதன் இதழ்களைத் தூவிப் புனிதையின் பெயரைச் சூட்ட வேண்டும் என்பது அவர்கள் வேண்டுகோள். பிக்ரெல் சொன்னபடி செய்தார். கிணற்றுக்குச் சாந்தா ரீத்தா என்று பெயராயிற்று.

கார்ல் குரோம்வெல் என்னும் தொழிலாளி, கூலிக்கு ஆள் நிலைக்காத அந்தப் பொட்டலில், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் துளைத்துக்கொண்டேயிருந்தார். நாளொன்றுக்குச் சில அடிகள்தான். 1923-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள், மூவாயிரம் அடிக்குச் சற்று மேலான ஆழத்திலிருந்து எண்ணெய் பீறிட்டெழுந்தது. புனிதையின் திருநாள் கழிந்து ஆறாம் நாள்! அந்நிலங்களின் வருவாயால் டெக்ஸாஸ் பல்கலைக்கழகம் செல்வம் பெருத்தது. 1990 வரை ஊறிய அக்கிணற்றின் பழைய இயந்திரத்தை ஆஸ்டின் நகரப் பல்கலைக்கழக வளாகத்தில் நினைவுச் சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள்.

பிக் லேக் மாணவர்கள் இக்கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் ஊரின் பழங்கதை வேறு, பள்ளி மைதானத்தில் நாள்தோறும் காணும் தோல்வி வேறு. அவ்வூரிலும் கால்பந்தாட்டமே அரசன். பேஸ்பால் மாற்றாந்தாய்ப் பிள்ளை. மாவட்டப் பட்டம் என்பது அப்பள்ளி அணிக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. தங்களால் ஆகாது என்று மாணவர்களே முடிவு கட்டியிருந்தார்கள். மோரிஸ் அவர்களைக் கூட்டி வைத்துக் கனவுகளைப் பற்றியும் விடாமுயற்சியைப் பற்றியும் பேசினார்.

அப்போதுதான் மாணவர்கள் திருப்பிக் கேட்டார்கள். பயிற்சியின்போது அவர்களுக்குப் பந்தெறிந்தவர் அவரேயன்றோ? அந்தப் பந்துகளை அவர்களால் தொடக்கூட முடியவில்லை. இவ்வளவு வேகம் உள்ள மனிதர் கரும்பலகை முன் நின்றுகொண்டு எங்களுக்குக் கனவைப் பற்றிச் சொல்வானேன், நீங்கள் ஏன் மீண்டும் முயலக் கூடாது என்பது அவர்கள் வாதம். முடிவில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அவர்கள் மாவட்டப் பட்டத்தை வென்றால், அவர் மேஜர் லீக் அணி ஒன்றின் தேர்வுக்குச் செல்ல வேண்டும்.

இங்கே நாம் சற்று நின்று பார்க்க விரும்புகிறோம். அந்த ஆசிரியர் வாக்குக் கொடுத்தபோது, அதை நிறைவேற்ற நேரும் என்று எண்ணியிருப்பாரா? தோற்றுப் பழகிய அணி. பத்தாண்டு ஓய்ந்த கை. பெரியவர்களாகிய நாமும் இப்படிப் பல வாக்குகளைப் பிள்ளைகளிடம் வீசுகிறோம். முதல் மதிப்பெண் வாங்கு, மிதிவண்டி வாங்கித் தருகிறேன் என்போம். வாங்கமாட்டான் என்னும் துணிவில் சொல்வதும் உண்டு. பிள்ளையோ அதை எழுத்தாலான பத்திரம் போல நெஞ்சில் பூட்டி வைத்துக்கொள்கிறது.

பிக் லேக் மாணவர்கள் பூட்டி வைத்துக்கொண்டார்கள். 1999-ஆம் ஆண்டுப் பருவத்தில் வென்றார்கள், மீண்டும் வென்றார்கள், மாவட்டப் பட்டத்தைக் கொண்டுவந்து ஆசிரியரின் கையில் வைத்தார்கள். இனி உங்கள் முறை என்றார்கள்.

அவ்வாண்டு ஜூன் மாதம், டாம்பா பே டெவில் ரேஸ் அணியின் தேர்வு பிரௌன்வுட்டில் நடைபெற்றது. மோரிஸ் தம் மூன்று குழந்தைகளையும் உடன் அழைத்துக்கொண்டு போனார். பதினெட்டு, இருபது வயது இளைஞர்களின் நடுவே, குழந்தைகளோடு வந்து நிற்கும் முப்பத்தைந்து வயது மனிதரைத் தேர்வாளர் எப்படிப் பார்த்திருப்பார் என்று சொல்லவும் வேண்டுமோ! மோரிஸுக்கும் பெரிய எண்ணம் ஒன்றுமில்லை. வாக்கை நிறைவேற்றி வீடு திரும்ப வேண்டும், அவ்வளவே.

பந்தை எறிந்தார். வேகமானி 98 மைல் காட்டியது. மீண்டும் எறிந்தார், மீண்டும் 98. இப்படி இடைவிடாமல் பன்னிரண்டு பந்துகள். இளமையில், கை நலமாயிருந்த நாளில்கூட, அவ்வேகம் அவருக்கு இயன்றதில்லை. மேஜர் லீக்கிலேயே சிலருக்குத்தான் வாய்க்கும் வேகம் அது. இது எப்படி நேர்ந்தது? நெடுநாள் ஓய்வில் காயங்கள் ஆறியிருக்கலாம். நாள்தோறும் மாணவர்களுக்கு எறிந்த நூற்றுக்கணக்கான பந்துகள் தோளை மெல்ல மெல்லப் பக்குவப்படுத்தியிருக்கலாம். இவ்விரண்டாவது காரணம் நமக்கு உவப்பானது. தமக்கென எறியாமல் பிறருக்காக எறிந்த பந்துகளன்றோ அவை!

அணி அவரை ஒப்பந்தம் செய்ய முன்வந்தது. உண்மையான சோதனை இங்குதான் தொடங்குகிறது. இதுவரை கொடுத்த வாக்கு தேர்வுக்குப் போவதாகத்தான், அது முடிந்துவிட்டது. இனி எடுக்க வேண்டிய முடிவு வேறு. நிலையான பள்ளி வேலையையும் மாத ஊதியத்தையும் விட்டு, மைனர் லீக்கின் சொற்ப ஊதியத்துக்கு, வீட்டைப் பிரிந்து போவதா? மனைவியும் மூன்று சிறு குழந்தைகளும் டெக்ஸாஸில். அவர் முதலில் புளோரிடாவின் ஆர்லாண்டோவில், பிறகு வட கரோலினாவின் டர்ஹமில். திரைப்படங்கள் இத்தகைய இடங்களை இனிய இசையோடு கடந்துவிடுகின்றன. அன்றாடம் அரிசி பருப்பு வாங்கும் குடும்பத் தலைவிகளுக்கு இதன் கனம் தெரியும். ஒவ்வொரு தந்தையும் பழைய கனவைத் தேடிப் புறப்பட்டுவிட வேண்டும் என்று நாம் ஒருபோதும் எழுதமாட்டோம். பாரத்தில் பெரும்பங்கைச் சுமந்தவர் வீட்டில் இருந்த அப்பெண்மணி என்பதையும் மறைக்கமாட்டோம். அவர் இசைந்திராவிட்டால் இக்கதை பிரௌன்வுட் மைதானத்தோடு முடிந்திருக்கும்.

மோரிஸ் போனார். இரட்டை ஏ, மூன்று ஏ என இரு படிகளையும் மூன்று மாதத்திற்குள் கடந்தார். இளமையில் ஆறு ஆண்டுகள் முட்டி மோதியும் திறவாத கதவு அது. 1999-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள், டெக்ஸாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில், டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ் அணியை எதிர்த்து, தம் சொந்த மாநிலத்து மண்ணிலேயே அவர் மேஜர் லீக் களத்தில் இறங்கினார். ஆட்டத்தின் எட்டாம் பகுதி. எதிரே ராய்ஸ் கிளேட்டன் என்னும் தேர்ந்த மட்டையாளர். நான்கே பந்துகள்; கிளேட்டன் வெளியேறினார்.

பத்திரிகைகள் எல்லாம் அந்த நான்கு பந்துகளைத்தான் கொண்டாடின. அதன் பின் நடந்ததையும் வாசகர்கள் அறிய வேண்டும். அவ்வாண்டில் ஐந்து ஆட்டங்கள், அடுத்த ஆண்டில் பதினாறு; ஆக மொத்தம் இருபத்தொரு ஆட்டங்களே அவருடைய மேஜர் லீக் வாழ்வு. எறிந்தது பதினைந்து பகுதிகள். மூன்று முறை தவறவிடச் செய்து வெளியேற்றிய மட்டையாளர் பதின்மூவர். அவர் கணக்கில் ஒரு வெற்றியும் இல்லை, ஒரு தோல்வியும் இல்லை. 2000-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள், நியூயார்க் யாங்கீஸ் மைதானத்தில் ஆட்டம் சமநிலையில் இருந்தபோது அவரை அழைத்தார்கள். எல்லாத் தளங்களிலும் எதிரணி வீரர்கள். மட்டையாளர் பால் ஓநீல். மோரிஸ் எறிந்த பந்துகளில் நான்கு எல்லைக்கு வெளியே போயின. ஓநீல் முதல் தளத்துக்கு நடக்க, மூன்றாம் தளத்தில் நின்றவர் உள்ளே வந்தார், யாங்கீஸ் வென்றது. அதுவே மோரிஸின் கடைசி ஆட்டம். கைவலி மீண்டும் தலைகாட்டிற்று. 2001-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் வசந்தகாலப் பயிற்சிக்குச் சென்றும் நிலைக்க இயலவில்லை. பிற்காலத்தில் நடுக்குவாத நோயும் அவரைப் பற்றிக்கொண்டது. ஊர் ஊராகச் சென்று உரையாற்றுவதும் நூல் எழுதுவதும் அவர் பணிகளாயின.

இதைச் சிலர் தோல்வி என்பார்கள். பள்ளி வேலையை விட்டு இருபத்தொரு ஆட்டத்துக்காகவா போனார் என்று கேட்பவர்களும் உண்டு. இக்கேள்வியை பிக் லேக் மாணவர்களிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். அவர்கள் கேட்டது மேஜர் லீக் வெற்றியையன்று. தேர்வுக்குப் போக வேண்டும் என்பதை மட்டுமே. அவர்களைப் பொறுத்தவரை, கதை பிரௌன்வுட் மைதானத்தில் ஆசிரியர் முதல் பந்தை எறிந்தபோதே நிறைவெய்திவிட்டது. வேகமானி அறுபது மைல் காட்டியிருந்தாலும் அவர்கள் ஆசிரியர் சொல் தவறாதவராகவே வீடு திரும்பியிருப்பார்.

2002-ஆம் ஆண்டு டிஸ்னி நிறுவனம் இவ்வரலாற்றை 'தி ரூக்கி' என்னும் படமாக எடுத்தது. ஜான் லீ ஹான்காக் இயக்கினார். மோரிஸாக டென்னிஸ் குவெய்ட் நடித்தார். சாந்தா ரீத்தாவின் ரோஜா இதழ்களும் படத்தில் உண்டு. பங்கு வாங்கிய இல்லத்தரசிகளைக் கன்னியர்களாக மாற்றிவிட்டார்கள் என்பதுதான் நமக்குச் சிறு குறை. குடும்பத்தோடு அமர்ந்து தயக்கமின்றிப் பார்க்கத்தக்க படம். பார்க்கும்போது, ஓர் ஆட்டக் காட்சியில் நடுவராக வந்து நிற்பவரைச் சற்று உற்று நோக்குங்கள். அவர் நடிகர் அல்லர், ஜிம் மோரிஸ்தாம்.